மின்சாரக் கம்பெனியை மாற்ற முடியாத ஊரில் எதை ஒப்பிடுவது?

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர், "கரண்டு கம்பெனியை மாற்றினோம், பில் குறைந்துவிட்டது" என்று சொல்கிறார். லண்டனில் படிக்கும் பிள்ளையும் அதையே சொல்கிறது. கேட்டுவிட்டு செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ இருப்பவர் தேடத் தொடங்குகிறார்: இங்கே எந்தக் கம்பெனி மலிவு?

தீபகற்ப மலேசியாவில் வீடுகளுக்கு மின்சாரம் விற்பது தெனாகா நேஷனல், அதாவது டிஎன்பி மட்டும்தான். கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் வேறு கடை கிடையாது. அதற்காக ஒப்பிடும் வேலையே இல்லை என்று விட்டுவிட வேண்டாம். 2025 ஜூலை 1-ஆம் தேதி வந்த புதிய கட்டண முறையில், ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே ஒரு யூனிட் கூடினால் பில் 14 வெள்ளி (ரிங்கிட்) ஏறும் இடம் இருக்கிறது. 19 வெள்ளி ஏறும் இடம் இருக்கிறது. 150 வெள்ளி ஏறும் இடமும் இருக்கிறது. அந்த இடங்கள் எங்கே என்று தெரிந்திருந்தால், கம்பெனி மாற்றுகிறவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகமாகக்கூட இங்கே மிச்சம் பிடிக்கலாம்.

மின்சாரத்தை யார் செய்கிறார், யார் விற்கிறார்

மின்சாரம் நம் வீட்டுக்கு வருவதற்குள் மூன்று கைகளைத் தாண்டுகிறது.

1. உற்பத்தி. கிள்ளான் பக்கம் காப்பார், பேராக்கில் மஞ்சோங், ஜொகூரில் தஞ்சோங் பின் போன்ற நிலையங்கள். இங்கே டிஎன்பி மட்டும் இல்லை. 1992 செப்டம்பரில் தீபகற்பம் முழுக்க மின்சாரம் போன பிறகு, தனியார் உற்பத்தியாளர்களுக்கு அரசு கதவைத் திறந்துவிட்டது.

2. கடத்தலும் விநியோகமும். உயரக் கோபுரங்கள், துணை நிலையங்கள், நம் தாமானுக்குள் வரும் கம்பிகள். இது டிஎன்பியின் கையில் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகக் கம்பி இழுப்பது பணத்தைக் கொட்டும் வேலை. அதனால் பெரும்பாலான நாடுகளில் இந்தப் பகுதியில் போட்டி இருப்பதில்லை.

3. விற்பனை. மீட்டரைப் படித்து, பில் அனுப்பி, பணம் வாங்குவது. மற்ற நாடுகளில் "கம்பெனி மாற்றுவது" என்றால் இந்த மூன்றாவது கையை மாற்றுவதுதான். கம்பியும் அதேதான், வரும் மின்சாரமும் அதேதான்.

இந்த ஒற்றைக் கடை எப்போதும் இருந்ததல்ல. பினாங்கில் ஜார்ஜ் டவுன் நகராண்மையே தன் மக்களுக்கு மின்சாரம் விற்றுவந்தது. 1976-இல்தான் அது தேசிய மின்சார வாரியத்தோடு சேர்ந்தது. பெரியவர்கள் இன்னமும் "எல்எல்என் பில்" என்று சொல்வது அந்த வாரியத்தைத்தான். 1990-இல் அதுவே டிஎன்பி ஆனது.

விற்பனையையும் திறந்துவிடும் யோசனை மலேசியாவிலும் எழுந்தது. 2019 செப்டம்பரில், அப்போதைய எரிசக்தி அமைச்சர் இயோ பீ இன் காலத்தில், மின்சாரத் துறைச் சீர்திருத்தத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2020 தொடக்கத்தில் ஆட்சி மாறியது. வீடுகள் வரை அந்தப் போட்டி வந்து சேரவில்லை. 2024-இல் வந்த கிரெஸ் திட்டத்தில் பெரிய நிறுவனங்கள் பசுமை மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்தே வாங்க முடியும். குடும்பங்களுக்கு அதில் இடமில்லை.

அக்கரைப் பச்சையை முழுப் பச்சையாகவும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்க விற்பனைச் சந்தையைத் திறந்தது. 2021 கடைசியில் எரிவாயு விலை ஏறியதும் சில விற்பனை நிறுவனங்கள் கடையை மூடிக்கொண்டு போய்விட்டன. இங்கிலாந்தில் 2021-22 நெருக்கடியில் ஏறக்குறைய 30 நிறுவனங்கள் விழுந்தன. எரிபொருள் மலிவாக இருக்கும்போது போட்டி நன்மை தருகிறது. விலை ஏறும்போது மலிவாக விற்றவர்தான் முதலில் காணாமல் போகிறார்.

பில்லில் என்னென்ன இருக்கிறது

இங்கே விலையை நிர்ணயிப்பது சந்தை இல்லை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டண மறுஆய்வு. இப்போது நடப்பது 2025 முதல் 2027 வரைக்கான சுற்று. பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் மலாய்ப் பெயர்களோடு இதைப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி. 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

1. சாஜ் தெனாகா, எரிசக்திக் கட்டணம். மின்சாரத்தைச் செய்ய ஆகும் எரிபொருள் செலவு. மாதம் 1,500 யூனிட் வரை ஒரு யூனிட்டுக்கு 27.03 சென். அதைத் தாண்டினால் 37.03 சென்.

2. சாஜ் கபாசித்தி. உற்பத்தி நிலையங்களைத் தயார் நிலையில் வைத்திருக்கும் செலவு. யூனிட்டுக்கு 4.55 சென்.

3. சாஜ் ரங்காயான். கம்பி, கோபுரம், துணை நிலையம். யூனிட்டுக்கு 12.85 சென்.

4. சாஜ் பெருன்சித்தான், சில்லறைக் கட்டணம். பில் அனுப்பும் சேவைக்கு மாதம் 10 வெள்ளி. 600 யூனிட்டுக்குள் இருந்தால் இது இல்லை.

5. இன்செந்திப் செகாப் தெனாகா. இதை இனிமேல் சிக்கனக் கழிவு என்று சொல்லிக்கொள்வோம். 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடி.

இவற்றோடு ஏஎஃப்ஏ என்ற எரிபொருள் சரிசெய்தல் ஒன்று மாதாமாதம் மாறும். மின்நிலையங்களுக்கான நிலக்கரி கப்பலில் வருகிறது. அதன் விலையும் டாலர் மதிப்பும் ஏறி இறங்குவது இந்தச் சரிசெய்தல் வழியாக பில்லுக்கு வந்து சேரும். கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 600 யூனிட்டுக்குள் இருப்பவர்களை இது தொடாது. 300 யூனிட்டைத் தாண்டினால் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதிக்கு 1.6 விழுக்காடு. 600-க்கு மேல் போகும் பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி.

முதல் மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். இதைப் பார்த்துத்தான் பலர் பயந்தார்கள், பழைய முறையில் முதல் 200 யூனிட் 21.80 சென் ஆயிற்றே என்று. ஆனால் 200 யூனிட் வரை சிக்கனக் கழிவு யூனிட்டுக்கு 25 சென். கழித்துப் பார்த்தால் 19.43 சென்தான் நிற்கிறது. சிறிய பயனீட்டாளருக்கு விலை ஏறவில்லை.

பழைய முறை படிக்கட்டு, புதிய முறை வரப்பு

குழப்பம் எல்லாம் இங்கேதான். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழைய முறையில் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100-க்கு ஒரு விலை, அதற்கு மேல் இன்னொரு விலை. 301-ஆவது யூனிட் விலை கூடுதல் என்றாலும், முன்னால் உள்ள 300 யூனிட்டின் விலை மாறாது. ஒரு யூனிட் தாண்டினால் ஒரு யூனிட்டுக்குத்தான் நஷ்டம்.

புதிய முறையில் சிக்கனக் கழிவு அப்படி இல்லை. மாத முடிவில் மொத்தம் எத்தனை யூனிட் என்று பார்த்து, அந்த மொத்தத்துக்கு உரிய கழிவை எல்லா யூனிட்டுக்கும் போடுகிறார்கள். 350 யூனிட்டில் நின்றால் கழிவு யூனிட்டுக்கு 21 சென். 351 ஆகிவிட்டால் 17 சென், அதுவும் முதல் யூனிட்டிலிருந்தே. வயல் வரப்பைத் தாண்டி ஒரு கால் வைத்தாலும் அடுத்தவன் நிலம்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆற்றல் நிதி, சேவை வரி, எரிபொருள் சரிசெய்தல் ஆகியவற்றைச் சேர்க்காமல்:

1. 300 யூனிட்: 65.79 வெள்ளி. 301 யூனிட்: 70.52 வெள்ளி.
2. 350 யூனிட்: 82.01 வெள்ளி. 351 யூனிட்: 96.28 வெள்ளி. ஒரே யூனிட், 14 வெள்ளிக்கு மேல்.
3. 400 யூனிட்: 109.72 வெள்ளி. 401 யூனிட்: 120.02 வெள்ளி.
4. 450 யூனிட்: 134.69 வெள்ளி. 451 யூனிட்: 146.26 வெள்ளி.
5. 600 யூனிட்: 212.58 வெள்ளி. 601 யூனிட்: 231.95 வெள்ளி. கழிவு குறைவதோடு 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் சேர்ந்துகொள்வதால் 19 வெள்ளிக்கு மேல் ஏறுகிறது. இதற்குப் பிறகு எரிபொருள் சரிசெய்தலும் தொடும்.
6. 1,500-இலிருந்து 1,501. இங்கே சிக்கனக் கழிவே இல்லை. ஆனால் எரிசக்திக் கட்டணம் எல்லா யூனிட்டுக்கும் 10 சென் கூடுகிறது. 150 வெள்ளி.

பெரும்பாலும் 50 யூனிட்டுக்கு ஒரு வரப்பு வருகிறது. எல்லாம் ஒரே உயரம் இல்லை. 200-ஐத் தாண்டினால் ஒரு வெள்ளி சொச்சம்தான் ஏறும், அதற்காக விசிறியை அணைத்துக்கொண்டு வேர்க்க வேண்டியதில்லை. 350, 400, 450, 600 ஆகிய நான்கும்தான் சாதாரணக் குடும்பம் மனதில் வைக்க வேண்டிய எண்கள். பெரிய வீடு, நான்கைந்து ஏர்கோன் என்றால் 1,500.

ஒரு மாதிரிக் குடும்பம். செராசில் மூன்று அறை அடுக்குமாடி வீடு, நான்கு பேர், மாதம் 620 யூனிட். பில் 238.97 வெள்ளி. இதே குடும்பம் 595-க்கு இறங்கினால் 210.81. இருபத்தைந்து யூனிட்டைக் குறைத்ததற்கு 28 வெள்ளி, அதாவது யூனிட்டுக்கு ஒரு வெள்ளிக்கு மேல். இருபத்தைந்து யூனிட் என்றால் நாளைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. குளியலறைச் சுடுநீர்க் கருவி 3.6 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேரும் ஆளுக்கு நான்கு நிமிடம் குறைத்தாலே அந்த யூனிட் வந்துவிடும். ஏர்கோனைத் தொடவே வேண்டாம்.

மறுபக்கம், மாதம் 570 யூனிட் போகும் வீடு 560-க்கு இறங்கினால் மிச்சம் நான்கு வெள்ளிக்குள்தான். 551 முதல் 600 வரை, ஒரே வரப்புக்குள் நடக்கும் நகர்வு அது. உழைப்பு வீணில்லை, ஆனால் எதிர்பார்ப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

மாத நடுவில் பார்க்க வேண்டியது

பில் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை, வரப்பைத் தாண்டியாகிவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளில் மைடிஎன்பி செயலி அன்றாட யூனிட்டைக் காட்டும். பழைய மீட்டர் என்றால் பில்லுக்காக எண் எடுத்த நாளில் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், அதே போதும். கணக்கு தொடங்குவது மாதம் முதல் தேதியில் இல்லை, அந்த நாளில்தான்.

இருபதாம் நாள் மீட்டரைப் பார்க்கிறீர்கள், 410 யூனிட் ஓடியிருக்கிறது. நாளுக்கு 20.5. இப்படியே போனால் முப்பது நாளில் 615. மீதமுள்ள பத்து நாளுக்கு 190 யூனிட் இருக்கிறது, அதாவது நாளுக்கு 19. ஒன்றரை யூனிட் குறைத்தால் 600-க்குள் நிற்கலாம். பார்த்தபோது 450 ஓடியிருந்தால், மாதம் 675-க்குப் போகும். அப்போது 600-க்காகக் கஷ்டப்பட்டுப் பயனில்லை. 650-க்குள் நிறுத்த முடிகிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தீபாவளி மாதத்தை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். பலகாரத்துக்கு ஓவன், இரவு முழுக்க விளக்கு, விருந்தாளி அறையில் ஏர்கோன். பில் திடீரென்று பெருத்தால் மீட்டரில் கோளாறு என்று சந்தேகப்படும் முன் எத்தனை வரப்பு தாண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கூட்டுக்குடும்பத்துக்கு இந்த முறை செய்யும் அநீதி

சிக்கனக் கழிவு மீட்டருக்குத்தான், ஆளுக்கு இல்லை. 350 யூனிட் பயன்படுத்தும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி வீட்டில் இருந்தால் இரண்டு பில்லும் சேர்ந்து 164 வெள்ளி. அதே இரண்டு குடும்பமும் பிறையில் ஒரே வரிசை வீட்டில், பெற்றோரோடு சேர்ந்து, ஒரே மீட்டரில் 700 யூனிட் பயன்படுத்தினால் 282.51 வெள்ளி. தலைக்குத் தலை அதே மின்சாரம், கூடுதலாக 118 வெள்ளி. வாடகையைப் பங்குபோட்டு நான்கைந்து தொழிலாளர்கள் ஒன்றாகத் தங்கும் வீட்டுக்கும் இதே கதிதான். ஆளைப் பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்த்து "சிக்கனம்" என்று பெயர் வைப்பது சரியில்லை. வசதியால் அதிகம் பயன்படுத்தும் வீட்டையும், வசதி இல்லாததால் நெருங்கி வாழும் வீட்டையும் ஒரே தராசில் வைக்கும் முறை இது. அடுத்த மறுஆய்வில் மாற வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அரசின் வறியோர் பதிவேடான இ-காசே பட்டியலில் பரம ஏழைகளாகப் பதிவானவர்களுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணச் சலுகை உண்டு. தகுதி இருந்தும் பதியாதவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

நேரக் கட்டணம்: உள்ளே இருக்கும் ஒரே "மாற்றுத் திட்டம்"

கம்பெனியை மாற்ற முடியாது, ஆனால் கட்டணத் திட்டத்தை மாற்றலாம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதில் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை முழுவதும் சாதாரண நேரம். மாதம் 1,500 யூனிட்டுக்குள் என்றால் எரிசக்திக் கட்டணம் உச்ச நேரத்தில் 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். வழக்கமான 27.03-ஓடு ஒப்பிட்டால், உச்ச நேர யூனிட் ஒவ்வொன்றுக்கும் 1.49 சென் கூடுதல், மற்ற யூனிட்டுக்கு 2.60 சென் குறைவு.

எப்போது லாபம்? மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 63 விழுக்காட்டுக்குக் கீழ் உச்ச நேரத்தில் விழுந்தால் லாபம். வாரத்தின் 168 மணி நேரத்தில் உச்ச நேரம் 40 மணிதான். இரவு பத்துக்குப் பிறகு ஏர்கோனைப் போட்டுத் தூங்கும் பெரும்பாலான வீடுகள் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கும். ஆகவே மாறினால் பலருக்கும் லாபமே.

எவ்வளவு? மாதம் 500 யூனிட், அதில் 40 விழுக்காடு உச்ச நேரம் என்றால் மிச்சம் 5 வெள்ளிக்குள். 25 விழுக்காடாகக் குறைத்தால் 8 வெள்ளி பக்கம். கெட்டதில்லை, ஆனால் 600 வரப்பைத் தாண்டாமல் இருப்பதில் கிடைக்கும் 19 வெள்ளிக்கு இது ஈடாகாது. மின்சார வண்டியை இரவில் சார்ஜ் செய்கிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். பகலெல்லாம் வீட்டில் தையலோ சமையல் தொழிலோ நடத்துகிறவர்கள் கணக்குப் போட்டுவிட்டு மாறுங்கள்.

உண்மையிலேயே கடை கடையாக ஏறி ஒப்பிட வேண்டிய இடங்கள்

கேஸ் தோங்கில் ஒப்பிட அதிகம் இல்லை. வீட்டுக்கான 14 கிலோ தோங் தீபகற்பத்தில் கட்டுப்பாட்டு விலை, கிலோ 1.90 வெள்ளி வீதம் 26.60. மேலே வாங்குவது வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் கூலி. அது கடைக்குக் கடை வேறுபடும், கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவிட்சில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கும் சிறிய பெட்டிகளை வாங்காதீர்கள். வீட்டு மீட்டர் எண்ணுவது உண்மையில் செலவாகும் கிலோவாட்-மணியை. அந்தப் பெட்டி அதைக் குறைப்பதில்லை. மீட்டரையே "சரிசெய்து" தருகிறேன் என்று வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மின்சார விநியோகச் சட்டப்படி அது குற்றம், வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார்.

சோலார்தான் வியாபாரிகளை ஒப்பிட்டே ஆக வேண்டிய இடம். கூரைக்கு 1 கிலோவாட் பலகை மாதம் சுமார் 100 முதல் 120 யூனிட் தரும். முன்பிருந்த என்இஎம் 3.0 திட்டத்தில் டிஎன்பி கட்டமைப்புக்கு அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் திரும்பக் கிடைத்தது. அது 2025 ஜூன் 30-ஓடு முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சோலார் அதாப் திட்டத்தில், வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு எரிசக்திக் கட்டண அளவில்தான் கழிவு, மாத முடிவில் மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது. ஆகவே பகலில் வீட்டிலேயே செலவழியும் யூனிட்டுக்குத்தான் முழு மதிப்பு. பகலில் யாரும் இல்லாத வீட்டுக்கு "பெரிதாகப் போடுங்கள், சீக்கிரம் காசு திரும்பிவிடும்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவர் பழைய திட்டத்தின் கணக்கைக் காட்டுகிறார் என்று அர்த்தம்.

மூன்று விலைப்புள்ளியாவது வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் இவற்றைக் கேளுங்கள்:

1. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான அரசு அமைப்பான சேடாவில் பதிவான நிறுவனமா?
2. மொத்த விலையைக் கிலோவாட்டால் வகுத்தால் எவ்வளவு?
3. பலகை தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? பழுதானால் அதைக் கழற்றி மாட்டும் கூலி யாருடையது?
4. மிச்சக் கணக்கை எந்தத் திட்டப்படி போட்டிருக்கிறார்கள்? பகலில் வீட்டிலேயே செலவாவது எத்தனை விழுக்காடு என்று எடுத்திருக்கிறார்கள்?

நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல உங்கள் பன்னிரண்டு மாத பில்லைக் கேட்காத நிறுவனம், உங்கள் வீட்டுக்கான கணக்கை இன்னும் போடவே இல்லை.